69 என்று பொறித்த பொத்தான்: வேலூரிலிருந்து வந்ததுதானா?

இந்த முறை கடிதம் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் வேலூரில் பிறந்து வளர்ந்தவர், நாற்பதை நெருங்குகிறவர், ஆறு வருடமாகக் குடும்பத்தோடு அங்கே இருக்கிறார். பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய நண்பர் ஒருவருக்குச் சனிக்கிழமை வந்தால் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயல் வயலாக நடப்பது பழக்கம். ஒரு நாள் இவரும் கூடப் போயிருக்கிறார். அறுவடை முடிந்த கோதுமை வயல். கருவி கூவிய இடத்தில் ஒரு சாண் தோண்டியதும் சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் வந்தது. மண்ணைத் துடைத்தால் நடுவில் 69. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், பிரிட்டிஷ் காலாட்படையின் 69ஆம் ரெஜிமென்ட், தெற்கு லிங்கன்ஷயர், 1806இல் வேலூர்க் கோட்டையில் இருந்த படை என்று வந்திருக்கிறது. "அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. எங்கள் ஊர் என்னைத் தேடி வந்த மாதிரி இருந்தது" என்கிறார்.

பொத்தானை வெள்ளி என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். இப்போது அது பூஜை அலமாரியில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. வீடியோ அழைப்பில் அப்பாவிடம் காட்டியபோது, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியரான அவர் கோபப்பட்டுவிட்டார்: "நம்ம சிப்பாய்களைச் சுட்டவன் சட்டைப் பொத்தான்டா அது. வீட்ல வைக்காதே, தூக்கிப் போடு." மனைவியோ விற்றால் நல்ல விலை வருமே என்கிறார். இவருக்கு அதை அப்பாவுக்கே தபாலில் அனுப்பி, வேலூர் அருங்காட்சியகத்தில் கொடுக்கச் சொல்லலாமா என்று ஒரு யோசனை. அடுத்த விடுமுறைக்கு டிடெக்டரை ஊருக்கு எடுத்துப்போய்க் கோட்டைப் பக்கம் தேடிப் பார்க்கவும் ஆசை.

அன்புள்ள வேலூர்க்காரரே,

முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள்.

உங்கள் கையில் இருப்பது வெள்ளி இல்லை. பியூட்டர். பெரும்பங்கு வெள்ளீயம், அதோடு காரீயம் சேர்த்து வார்த்த உலோகம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு உங்கள் வீட்டில் இருந்திருக்கும். அதற்கு இது தூரத்து உறவு. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பாட்டிகள் மிரட்டுவார்களே, அதே மென்மை இதற்கும் உண்டு. பல காலம் மண்ணில் கிடந்த பியூட்டர் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படியும். எண், ஓரத்து வேலைப்பாடு, மெல்லிய கோடுகள் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கும். புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், இதைத் தேய்த்தால் மொட்டையாகும். நீங்கள் அனுப்பிய படத்தில் 6இன் வயிறு ஏற்கெனவே மழுங்கித் தெரிகிறது. அது உழவு செய்த வேலையா, உங்கள் கட்டைவிரல் செய்த வேலையா என்று இப்போது கேட்டுப் பயனில்லை.

காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை மெதுவாக அலசுங்கள். பஞ்சால் ஒற்றி, நிழலில் நன்றாக உலர விடுங்கள். பிறகு மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வைத்துவிடுங்கள். மரப்பெட்டி வேண்டாம். மரம், அதிலும் ஓக், மெல்ல மெல்ல விடும் அமில ஆவி காரீயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அப்புறம், காரீயம் விஷம். தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வினிகர், பற்பசை, பேட்டரி வைத்து மின்சாரத்தில் சுத்தம் செய்யும் வித்தை எதுவும் இதற்கு ஆகாது.

எண் எவ்வளவு தூரம் பேசும்

பிரிட்டிஷ் காலாட்படையின் பொத்தான்களில் ரெஜிமென்ட் எண் இருக்க வேண்டும் என்ற உத்தரவு 1767இல் வந்தது. சாதாரணச் சிப்பாய்க்குப் பியூட்டர். அதிகாரிக்குப் பொன்முலாம் அல்லது வெள்ளி. பழைய அதிகாரிப் பொத்தான்களில் மெல்லிய உலோகத் தகட்டை எலும்புத் துண்டின் மேல் மடித்துப் போர்த்தியிருப்பார்கள். 1855இல் சிப்பாய்களின் பியூட்டர் போய்ப் பித்தளை வந்தது. 1871இல் அவர்களுடைய எண் பொத்தான்களையே விலக்கிவிட்டு, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னத்தைப் பொதுப் பொத்தானாக்கிவிட்டார்கள். ஆகவே பியூட்டரில் 69 என்றால், 1767க்கும் 1855க்கும் நடுவில் ஒரு சாதாரணச் சிப்பாயின் உடையில் இருந்தது என்று தயங்காமல் சொல்லலாம். இன்னொரு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்: 69ஐத் தலைகீழாகப் பிடித்தாலும் 69தான். 66 கிடைத்தவர்கள் அது 99ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள், இரண்டு எண்ணிலும் படை இருந்ததால்.

நீங்கள் தடுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்ததுதான். எண்பத்தெட்டு ஆண்டு கால இடைவெளியை, வேலூர்ப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10 என்ற ஒரே நாளாகச் சுருக்கிவிட்டீர்கள்.

69ஆம் படை 1756இல் 24ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளமாகத் திரட்டப்பட்டு, 1758இல் தனி எண் பெற்றது. தெற்கு லிங்கன்ஷயர் என்ற பெயர் 1782இல் ஒட்டியது. அதன் வீரர்கள் 1797இல் செயின்ட் வின்சென்ட் முனைக் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலில் இருந்தார்கள். ஸ்பானியக் கப்பலின் ஜன்னலை முதலில் உடைத்தவன் 69ஆம் படைச் சிப்பாய் ஒருவன் என்று நெல்சனே எழுதியிருக்கிறார். வேலூருக்குப் பிறகு பூர்போன் தீவு (இன்றைய ரீயூனியன்), ஜாவா. இதில் எந்தப் போருக்குப் போனவனும் அதே 69தான் அணிந்திருப்பான்.

வேலூர் நடந்த காலத்திலேயே 69க்கு இரண்டு பட்டாளங்கள் இருந்தன. இந்தியாவுக்கு வந்தது முதல் பட்டாளம். அதிலும் கோட்டைக்குள் இருந்தவை நான்கு கம்பெனிகள், அதாவது பட்டாளத்தின் சிறு பிரிவுகள், மட்டும். இரண்டாம் பட்டாளம் கடல் தாண்டி நம் பக்கம் வரவே இல்லை. 1815இல் நெப்போலியனுக்கு எதிராக பெல்ஜியத்தின் குவாத்ர் ப்ராவில் அரசக் கொடியைப் பறிகொடுத்து, இரண்டு நாளில் வாட்டர்லூவிலும் நின்ற படை அது. அந்த வருடங்களில் லிங்கன்ஷயர் வயலில் விழுந்த ஒரு 69 பொத்தான் இந்த இரண்டாம் பட்டாளத்துடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, இது தையற்காரர் கணக்கு. அன்றைய சிப்பாய்க்குப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு புதுக் கோட்டு. வேலூரில் அன்று செத்தவர்களின் பொத்தான்கள் வேலூர் மண்ணில்தான் இருக்கும். பிழைத்து, இன்னும் பல வருடம் வேலை பார்த்து, ஊர் திரும்பிய ஒருவர் இருந்தாலும், அவர் போட்டுக்கொண்டு வந்த கோட்டு 1806இன் கோட்டாக இருக்காது.

அப்படியானால் உங்கள் வயலுக்கு எப்படி வந்தது? இதற்குப் பதில் அவ்வளவு வீரமானதல்ல. படையிலிருந்து விலகியவர் பழைய சிவப்புக் கோட்டையே போட்டுக்கொண்டு உழப் போயிருக்கலாம். அல்லது கோட்டு கந்தல் வியாபாரியிடம் போயிருக்கலாம். கம்பளிக் கந்தலை நறுக்கி வயலுக்கு உரமாகப் போடுவது அங்கே நெடுங்காலம் நடந்த வழக்கம். கந்தலோடு பொத்தானும் போய்விடும். நகரத்துக் கழிவை வண்டியில் ஏற்றி வந்து வயலில் கொட்டியபோதும் இப்படிப் பல சாமான்கள் வந்து சேர்ந்தன. பெயரில் தெற்கு லிங்கன்ஷயர் இருப்பதால் ஆட்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆள் கிடைத்த இடத்தில் சேர்த்தார்கள், அயர்லாந்து உட்பட.

கதையை உண்மையிலேயே துரத்திப் பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியம் பெற்ற சிப்பாய்களின் விலகல் தாள்களும், படைகளின் ஆள்பட்டியல்களும் இருக்கின்றன. விலகல் தாளில் பிறந்த ஊரும் பணி செய்த இடங்களும் வரும். உங்கள் வயல் எந்தச் சர்ச் வட்டத்தில் இருக்கிறதோ, அந்த வட்டத்தில் பிறந்து 69இல் சேர்ந்த யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். 69ஆம் படை 1881இல் 41ஆம் படையோடு சேர்ந்து வெல்ஷ் ரெஜிமென்ட் ஆனது. அதனால் அதன் சரித்திரத்தைக் கேட்க வேண்டிய இடம் லிங்கன் இல்லை, கார்டிஃப் கோட்டையில் இருக்கும் படை அருங்காட்சியகம். இவ்வளவும் செய்து ஒரு பெயர் கிடைத்தாலும், "இவருடையதாக இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த பொத்தானுக்கு

அந்த நண்பரோடு மறுபடியும் போவீர்கள் என்று தெரிகிறது. எனவே ஒரு வார்த்தை: எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், நான் முதலில் முதுகைத் திருப்புவேன். தைக்கும் காது எந்த உலோகம், எப்படிப் பொருத்தியிருக்கிறது, தட்டையா, இரண்டு தகடுகளை மடித்துச் சேர்த்ததா, செய்தவர் பெயரும் தெரு முகவரியும் இருக்கிறதா என்று. முகவரி இருந்தால் அந்தக் கம்பெனி எந்த வருடங்களில் அங்கே இருந்தது என்பதை வைத்தே காலத்தைக் குறுக்கிவிடலாம். அதன் பிறகு முகத்தில் கிரீடத்தைப் பாருங்கள். மேல் வளைவுகள் குமிழ்போல் உயர்ந்திருக்கும் டியூடர் கிரீடம் என்றால் பெரும்பாலும் 1901 முதல் 1952 வரை ஆண்ட அரசர்களின் காலம். நடுவில் வளைவு கீழிறங்கும் எட்வர்ட் கிரீடம் என்றால் 1953க்குப் பிறகு. அரச சின்னம் மட்டும் இருந்தால் நான் மேலே சொன்ன பொதுப் பொத்தான், தெருவுக்குத் தெரு கிடைக்கும். கிரீடமும் கழுகும் இருந்தால் விமானப்படை. லிங்கன்ஷயரில் அதுவும் ஏராளம். ஏதோ மிருகத் தலையும் குடும்பச் சின்னமும் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு ராணுவம் என்று சொல்லாதீர்கள். ஜமீன் வீட்டு வண்டிக்காரர் சீருடையாக இருக்கும்.

இது யாருடையது

"நான்தானே தோண்டினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்துச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மண்ணுக்குள் கிடந்த பொருள் நிலத்தின் சொந்தக்காரருடையது. கடிதத்தில் என்னை உறுத்திய வரி, "விவசாயி வாயால் சரி என்றார்" என்பதுதான். அங்கே நிலத்தை உழுகிறவர் பல சமயம் குத்தகைதாரர். அவர் சரி என்றால் போதாது, நில உரிமையாளரும் சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் எடுத்துப்போனால் திருட்டு வழக்கு வரைக்கும் போகலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் நண்பரோடு போய், பொத்தானைக் காட்டி, "இதை நாங்களே வைத்துக்கொள்ளலாமா, இனிமேலும் வரலாமா" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

புதையல் என்று அறிவிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு: 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் முக்கியமாக முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்களையும் நாணயக் குவியல்களையும் பற்றியது. 2023 ஜூலையிலிருந்து, இருநூறு வருடம் தாண்டிய, சரித்திர முக்கியத்துவத்தில் மிகவும் தனித்து நிற்கும் உலோகப் பொருள்களையும் சேர்த்திருக்கிறார்கள். தனியாகக் கிடைத்த ஒரு சிப்பாய்ப் பொத்தான் அந்தப் பட்டியலுக்குள் வராது. ஆனாலும் உங்கள் மாவட்டத்தின் கண்டெடுப்பு அலுவலருக்கு ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பொதுவாக 1700க்கு முந்தைய பொருள்களைத்தான் பதிவு செய்வார்கள், ஆனால் இதை எடுக்கலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். இடத்தை எட்டு இலக்க வரைபடக் குறியீட்டோடு இன்றே எழுதி வையுங்கள். இடம் தெரியாத பொத்தான் ஒரு சேகரிப்பாளருக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவாது.

அங்கே இரண்டு இடங்களில் கருவியை இயக்கவே கூடாது. பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்ன எல்லைக்குள் அனுமதியின்றித் தேடுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டாவது, உலகப்போர் விமானம் விழுந்த இடங்கள். அவற்றை 1986ஆம் ஆண்டு ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. தோண்டப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். லிங்கன்ஷயர் முழுக்கக் குண்டுவீச்சு விமானத் தளங்களாக இருந்த மாவட்டம். கசங்கிய அலுமினியத் துண்டுகள் வர ஆரம்பித்தால் நிறுத்துங்கள். குண்டு மாதிரி எதையாவது பார்த்தால் தொடாமல் விலகிப் போய்ப் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குத் தபாலில்?

உறையில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த, ஐம்பது வருடம் தாண்டிய தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும். விலை பத்துப் பவுண்டாக இருந்தாலும் விதி அதுதான். விண்ணப்பித்து வாங்கலாம், முடியாத காரியம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால், வேலூரோடு தொடர்பு நிரூபிக்கப்படாத ஒரு பொத்தானை வேலூர் அருங்காட்சியகம் என்ன பெயர்ச்சீட்டு எழுதி வைக்கும் என்று யோசியுங்கள்.

விற்பது பற்றி வீட்டில் சொல்லுங்கள்: நல்ல நிலையில் இருக்கும் இப்படிப்பட்ட எண் பொத்தான் பொதுவாகச் சில பத்துப் பவுண்டுகளுக்குள் போகும். புளி பட்டதற்குக் கழிவு உண்டு. "வேலூர்ப் புரட்சி நினைவுச்சின்னம்" என்று விளம்பரம் போட்டால் விலை ஏறும்தான். அது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

ஊருக்கு டிடெக்டரா?

வேண்டவே வேண்டாம். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். கோட்டையை விட்டுத் தள்ளி, சொந்த மாமா நிலத்தில் தேடினால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேயும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நிற்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த எந்தப் பொருளும், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது விக்டோரியா காலத்துப் பத்து ரூபாய்தான், ஆனால் சட்டத்தில் எண் மாறவில்லை. மறைத்தால் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. அங்கே நண்பரோடு போகும் சனிக்கிழமைப் பொழுதுபோக்கை இங்கே எடுத்து வராதீர்கள்.

அப்பாவின் கோபம்

இதைக் கடைசியில் வைத்தேன், காரணம் உங்கள் கடிதத்தில் இதுதான் அதிகம் கனக்கிறது. 1805இல் வந்த உடை உத்தரவு சிப்பாய்களின் நெற்றிக்குறியை, கடுக்கனை, தாடியைத் தொட்டது. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைத் திணித்தது. விடிவதற்கு முன் வெடித்த கலகத்தில் 69ஆம் படையில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலர் படுக்கையிலேயே. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது செத்த இந்தியச் சிப்பாய்கள் பல நூறு பேர். பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

அதனால் அப்பா சொன்னது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. மிஞ்சியிருந்த 69ஆம் படை வீரர்களும் கில்லெஸ்பியோடு சேர்ந்துதான் தாக்கினார்கள். ஆனால் அந்தக் கோபத்தை இந்தப் பொத்தானின் மேல் ஏற்ற ஆதாரம் இல்லை, உங்கள் பெருமிதத்தை ஏற்ற ஆதாரம் இல்லாதது மாதிரியே. அவரிடம் வாதாட வேண்டாம். நான் மேலே போட்ட கணக்கை, இரண்டு பட்டாளம், நான்கு கம்பெனி, ஆண்டுக்கு ஒரு கோட்டு என்று அப்படியே சொல்லுங்கள். சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர், கணக்கில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். காட்பாடியில் ரயிலேறினால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வேலூர் விசாரணைத் தாள்கள் அங்கே உண்டு. நீங்கள் கியூவில் தேடுங்கள், அவர் எழும்பூரில் தேடட்டும். அதற்குப் பிறகும் அவருக்குப் பொத்தான் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அது டப்பாவில் உங்களிடமே இருக்கட்டும், பூஜை அலமாரியில் மட்டும் வேண்டாம்.

எனக்கு இன்னும் இரண்டு படங்கள் அனுப்புங்கள். பின்பக்கத்தை முதலில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, அருகில் ஒரு அளவுகோல் வைத்து. முகத்தின் படத்தை அடுத்து. நடுவில் மறுபடியும் தேய்க்காதீர்கள்.